பெட்டி திரும்பாத சந்து

அந்தக் கடற்கரை மாளிகையை இடிக்கக்கூடாது என்று ஒரு கட்டடக்கலை மாணவி போன மாதம் என்னிடம் வந்தாள். இங்கிலாந்துப் பிரபுக்களின் பழைய மாளிகையை அப்படியே உரித்து வைத்த வீடு பினாங்கில் அது ஒன்றுதானாம். நான் வளர்ந்த இடமாயிற்றே, அதன் அழகைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். இடிக்கிற அன்று வேலையாட்களுக்கு நானே சாப்பாடு போடுகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அழகுதான், இல்லை என்று யார் சொன்னது? பனி வழிந்தோடச் செங்குத்துக் கூரை, வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள், வரிசையாகப் புகைபோக்கிகள். வருஷம் முழுக்க முதுகு வேர்க்கிற ஊரில் அறைக்கு அறை குளிர்காய அடுப்பு! அதில் யாரும் நெருப்பு மூட்டியதே இல்லை. குருவிதான் கூடு கட்டும். அதை வாரிக் கொட்டுவது தோட்டக்காரரான என் அப்பாவின் வேலை. அம்மா அங்கே சமையல்.

கட்டிய வெள்ளைக்காரன் மூளையைச் செலவழித்தது பின்பக்கத்தில்தான். வேலைக்காரர்கள் விருந்தாளிகளின் கண்ணில் படக்கூடாது. அதனால் பின்னால் நாங்கள் குடியிருந்த அறையைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் மதில். வெளியே போக ஓர் ஒடுக்கமான சந்து. உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாமலிருக்க அதில் இரண்டு திருப்பம் வைத்திருந்தான். மதிலில் முன்தோட்டத்துக்கு ஒரு கதவும் உண்டு. அதன் சாவி முதலாளியிடம் இருக்கும். பிற்பாடு ஒரு தமிழ் டாக்டர் வீட்டை வாங்கினார். நம்ம ஆள் வந்துவிட்டார் என்று அப்பா பூரித்துப் போனார். சாவி மட்டும் இடம் மாறவில்லை.

எழுபதுகளின் பிற்பாதியில், நான் பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், புல் வெட்டிக்கொண்டிருந்த அப்பா அப்படியே விழுந்து செத்துப்போனார். ஜெலுத்தோங்கிலிருந்து மாமா சவப்பெட்டி கொண்டுவந்தார். வெறும் பெட்டியை எப்படியோ சாய்த்துச் சந்து வழியாக உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். அப்பாவை வைத்துத் தூக்கியபோது முதல் திருப்பத்திலேயே அது மாட்டிக்கொண்டது. போதாததற்கு, நம் வழக்கத்தில் பிணம் முன்வாசல் வழியாகத்தான் போகும். அந்தச் சந்து எங்களுக்குக் குப்பைத்தொட்டி போகிற வழி.

தோட்டக் கதவைத் திறந்துவிடச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். வீட்டுக்குள்கூட வேண்டாம், புல்தரையைத் தாண்டி முன் கேட்டுக்குப் போனால் போதும். டாக்டர் போர்ட்டிகோவில் நின்று முழுவதும் கேட்டார். முகத்தில் வருத்தம் இருந்தது. எனக்கு இன்றும் வயிறு எரிவது அந்த வருத்தத்தை நினைத்துத்தான்.

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்மா. முன்னுக்கு மட்டும் வேணாம்லா. பின்னால வழி இருக்குதானே."

அவருக்கு வழக்கம் தெரியாமலில்லை. நன்றாகத் தெரிந்ததால்தான் மறுத்தார்; முன்பக்கமாகப் போனால் அது அந்த வீட்டுச் சாவு ஆகிவிடும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தப் புல்லை வெட்டியவரின் சாவு அவருக்கு வேறு வீட்டுச் சாவு. பெட்டி திரும்பவில்லை என்றேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அட்ஜஸ்ட் பண்ணினோம். மாமா பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். நாலு பேர் பிடித்து அதை நட்டுக்குத்தாக நிமிர்த்தித் திருப்பத்தில் திருப்பினார்கள். உள்ளே அப்பா சரிந்து பலகையில் மோதிய சத்தம் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்கும் கேட்டது.

வண்டி சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் பைப்படியில் தலைமுழுகினோம். புருஷனைப் பறிகொடுத்தவள் பல நாள் யார் முகத்திலும் விழிக்காமல் மூலையில் முடங்கவேண்டும் என்பார்கள். அம்மா ஈரச் சேலையோடு, பொட்டழித்த நெற்றியோடு சமையற்கட்டுக்குள் நுழைந்தாள். சாப்பாட்டு அறையைத் தாண்டி ஹாலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த மரத்தரை முழுக்கத் தண்ணீர் சொட்டியது. டாக்டரின் மனைவியும் கல்யாணப்பெண்ணும் அங்கே பட்டுச்சேலைகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். பின்பக்கமாகப் போகச் சொல்லி அந்த அம்மாள் பதறினார்.

அம்மா முன்கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்தாள்.

"அவரத்தான் விடல. நான் போறேன்."

போர்ட்டிகோவில் இறங்கிப் புல்தரை நடுவே நடந்து முன் கேட்டைத் தாண்டினாள். அன்றே எங்களுக்கு அந்த அறை போயிற்று, அவளுக்கு வேலையும் போயிற்று. அவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.