காலுக்குள் ஊர்ந்த கோடு

சமாதான காலத்தில் துணுக்காயில் எங்கள் வீட்டுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டட வேலைக்கு லொறியில் கொண்டுவந்து முற்றத்தில் பறித்திருந்த மணல் கும்பிதான் என் மூன்று வயது மகளுக்கு உலகம். வெறுங்காலோடு ஏறுவாள், சறுக்குவாள், பிடரி வரை மண் அப்பியபடி வந்து என் மடியில் இருப்பாள்.

ஒருநாள் குளிக்க வார்க்கும்போது அவளுடைய பாதத்தின் ஓரத்தில் நூல் போலச் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பல்லி மூத்திரம் பட்டிருக்கும் என்று வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். மறுநாள் கோடு வளைந்து நீண்டிருந்தது. பிள்ளை சொறிந்து சொறிந்து அழுதாள். மல்லாவி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"நாய், பூனையின்ர வயித்துப் புழு," என்றார் டொக்டர். "அதுகள் பேண்ட மண்ணில பிள்ளை வெறுங்காலோட நிண்டிருக்கிறா. குஞ்சுப் புழு தோலுக்குள்ள பூந்து ஓடித் திரியுது. மருந்து தாறன். ஆனா மண்ணைத் துப்பரவாக்காட்டித் திரும்பவும் வரும்."

ஓடித் திரியுது என்றாரே, எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எதனுடைய குடலிலோ கிடந்தது நான் பெற்ற பிள்ளையின் தோலுக்குக் கீழே நடமாடுகிறது.

டொக்டர் நாயையும் சொன்னார், பூனையையும் சொன்னார். என் காதில் நாய் மட்டும்தான் விழுந்தது. எங்கள் ஆட்களுக்கு நாய் என்றால் ஊத்தை, வாசற்படி மிதிக்கக்கூடாது. பூனை நெல் மூட்டைக்குக் காவல். குசினியில் அடுப்போரம் மீன் தலை தின்னும், பிள்ளையின் பாயில் நித்திரை கொள்ளும். அதை யாரும் மிருகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வந்த கையோடு எங்கள் நாயை முற்றத்துப் பாலை மரத்தில் கட்டினேன்.

"நாளைக்குப் பரந்தனுக்குக் கொண்டுபோய் உங்கட அண்ணை வீட்டில விட்டிட்டு வாங்கோ. இந்த அரியண்டம் இனி இஞ்ச வேண்டாம்."

"அது மணலில வெளிக்கு இருக்கிறேல்லை," என்றார் என் கணவர். "விடிய வேலிக்கு அங்கால பத்தைக்குள்ள போறதை நான் காணுறனான்."

"பிள்ளையின்ர காலைப் பாத்திட்டுக் கதையுங்கோ."

இடம்பெயர்ந்த காலத்திலிருந்து எங்களோடு திரிந்த நாய் அது, கயிறு அறியாதது. வேலிப் பக்கம் இழுத்து இழுத்து முனகியது. கிடந்து கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் மூக்கைச் சீலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு மணலைக் கம்பி வலையில் அரிக்கத் தொடங்கினேன். வலையில் தங்கியதை எழுதவே அருவருக்கிறது. சிலது கறுத்துக் காய்ந்து கிடந்தன. சிலது பிசுபிசுத்து வலைக் கண்ணில் அப்பின. நாயை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அரித்தேன்.

அப்போது குசினிக்குள்ளிருந்து எங்கள் பூனை சோம்பல் முறித்தபடி வந்தது. கும்பியின் மறுபக்கம் ஏறி, கிண்டி, குந்தி, அரைக்கண் மூடி என்னைப் பார்த்தபடியே இருந்து முடித்தது. வடிவாக மண்ணைத் தள்ளி மூடியது. அதே காலோடு வீட்டுக்குள் போனது. பின்னால் ஓடினேன். பிள்ளையின் பாயில் ஏறிப் படுத்து, தன் பின்புறத்தை நக்கிவிட்டு, அந்த நாக்காலேயே அவளுடைய விரல்களை நக்கிக்கொண்டிருந்தது. பிள்ளை கூச்சத்தில் சிரித்தாள். விளக்குமாற்றை எடுத்து வீசினேன்.

அன்று மணலைத் தறப்பாளால் மூடினோம். பிள்ளைக்குச் செருப்பு வந்தது. பூனைக்கும் நாய்க்கும் மிருக வைத்தியரிடம் வயிற்றுப் பூச்சிக் குளிசை வாங்கினோம். அதற்கெல்லாம் முதல் என் கணவர் நாயை அவிழ்த்துவிட்டார். அது வாலும் ஆட்டவில்லை, மணலைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரே ஓட்டமாக வேலிக்குள்ளால் நுழைந்து பற்றைப் புதருக்குள் போனது.

நான் பாலை மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். இரவு முழுவதும் அது கட்டுண்டு கிடந்த இடத்தில் ஒரு துளி மூத்திர ஈரம்கூட இல்லை.