சாட்சி சொல்லும் பிள்ளை

பதினாறு வயதில் நான் ஒரு வான் சாரதியோடு சிலாபத்துக்கு ஓடினேன். கலியாணம் கட்டுவதாகச் சொன்னவன் சில மாதத்திலேயே அலுத்துப்போய், எங்கள் ஊருக்குக் கிட்ட, முந்தல் சந்தியில் இறக்கிவிட்டுப் போனான். வயிற்றில் இருந்ததும் கலைந்துபோனது. அம்மா வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, உடப்பில் கருவாடு காயப்போட்டு என்னை வளர்த்தவள். நான் வீடு திரும்பியதும், இவ்வளவு நாளும் மன்னாரில் சின்னம்மா வீட்டில் தையல் பழகினதாக ஊருக்குச் சொல்லிவைத்தாள். வீட்டுக்குள் அடித்தாள். வெளியே அந்தப் பொய்யை ஒரு சொல் பிசகாமல் காப்பாற்றினாள்.

எனக்கு அந்தப் பொய்க்குள் மூச்சு முட்டியது. முந்தலில் தகரக் கொட்டகையில் நடந்த சபைக்குப் போகத் தொடங்கினேன். அங்கே அழலாம், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கடலில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பாவமெல்லாம் போயிற்று என்றார் பாஸ்டர். சத்தியமாக நம்பினேன். உடம்பே இலேசானது.

ஆனால் எங்கள் சபையில் புதிதாக வந்தவர்கள் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். முன்பு என்ன பாவம் செய்தேன், கர்த்தர் எப்படித் தூக்கிவிட்டார் என்று. பீடியை விட்ட கிழவரின் சாட்சிக்குக் கொட்டாவி விட்ட சனம், என்னுடையதற்கு மூக்கைச் சிந்தியது.

"வயித்தில இருந்ததையும் சொல்லுங்க தங்கச்சி. அதுலதான் சனம் உடையும்," என்று பாஸ்டர் சொல்லித்தந்தார். வெட்கங்கெட்டவள், நானும் சொன்னேன். ஞாயிறுக்கு ஞாயிறு சொன்னேன். அவர்கள் அழுவது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் சாமியை விட்டு முழுக்கு எடுத்த நாளிலிருந்து அம்மா என்னோடு கதைக்கவில்லை. அவளையும் சபைக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மாதக்கணக்கில் கெஞ்சினேன். ஒரு ஞாயிறு வந்தாள், பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு.

கிழமைதோறும் சனத்தை அழவைக்கிற சாட்சி என்று சொல்லி, பாஸ்டர் என்னைத்தான் கூப்பிட்டார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், வயிற்றில் இருந்தது வரை. பக்கத்து வீட்டு அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

அம்மா எழும்பினாள். "ஐயா, உங்கட கடவுள் மன்னிச்சிட்டார் எண்டால், பிறகேன் கிழமைக்குக் கிழமை என்ர பிள்ளையைத் துணி உரிஞ்சு காட்டுறியள்?"

பாஸ்டர் கோபப்படவில்லை. "இது அந்த அம்மா கதைக்கிறது இல்ல, உள்ள இருக்கிற பேய் கதைக்குது. எல்லாரும் கையை உயர்த்துங்க," என்றார்.

அம்மா வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளை விட்டுப் பேய் ஓட வேண்டும் என்று கொட்டகையே கத்தியது. எல்லோரையும்விட நான்தான் பலமாகக் கத்தினேன்.