ஐந்து பேருடன் ஒரு டெஸ்ட் டிரைவ்

ஒரே ஆட்டோவிலிருந்து நாங்கள் நான்கு பேரும் பிதுங்கி இறங்கியபோது அந்த கார் ஷோரூம் பெண்ணின் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வாங்கப்போவது யார் என்று கேட்டாள். எங்களில் ஒருவர்தான், மற்ற மூவரும் பாரம். ஹைதராபாத் சனத்நகரில் பம்பு செய்யும் எங்கள் கம்பெனியில் யார் கார் வாங்கினாலும் இதுதான் வழக்கம். சூப்பர்வைசர் சார் தலைமையில் நான்கு பேர், கூட வரும் விற்பனையாளரோடு ஐந்து. ஏசியை முழுதாக வைத்து, ரயில் பாலத்து ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டும். ஆள் தேர்வும் சார்தான். என் கார் அறிவுக்காகத்தான் என்னைச் சேர்த்தார் என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். எடைக்காக என்பது பிறகுதான் புரிந்தது.

சார் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி ஹைதராபாத் கலந்திருக்கும். "ஏட்டுச் சுரைக்காய் நக்கோமா, வேணாம். பேப்பர்ல நூறு குதிரை கட்டியிருப்பான். அஞ்சு பேர ஏத்தி மேட்டுல விட்டுப் பாரு, எத்தன குதிரை படுத்துக்குதுன்னு தெரியும்" என்பார். ஸ்டோர்ஸ் அண்ணன் கோயம்புத்தூர்க்காரர். சார் வாய் திறந்தால் மறுப்பதே அவர் வேலை. "குதிரை கெடக்கட்டுங்க சார். அஞ்சு வருசம் கழிச்சு விக்கறப்ப எவன் வாங்குவான், அதச் சொல்லுங்க." "விக்கறதுக்கா வாங்குற?" என்று சார் எகிறுவார். கேன்டீனில் சாம்பார் ஆறிப்போகும். நான் டர்போ கட்சி. என்னை இருவருமே மதித்ததில்லை. ஆனால் மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும் காது சாருடையது. கடைசியில் எல்லோரும் அவர் சொன்ன காரைத்தான் வாங்கினார்கள்.

ஒருநாள் அவரை என் காரில் அழைத்துவந்தேன். கேட் பாஸ் வாங்க ஓடும்போது, லாரி வந்தால் கொஞ்சம் நகர்த்திவிடச் சொல்லி அவரை என் இருக்கையில் உட்காரவைத்தேன். திரும்பி வந்தால் பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சார் வேர்த்து வழிய, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நடுவுல இருக்கறதுதானம்மா பிரேக்கு?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை கார்களுக்குத் தீர்ப்புச் சொன்ன மனுஷர் ஒன்றைக்கூட ஓட்டியதில்லை. கற்றுக்கொள்ளும் வயதில் வசதியில்லை, எல்லாம் பஸ்தான். வசதி வந்தபோது, இவ்வளவு பேசிவிட்டு எந்த முகத்தோடு தெரியாது என்பது? யாரையும் கேலி பேசாமல் விடாதவள் நான். அன்றைக்கு எனக்கே மனம் வரவில்லை. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெறும் வருடத்தில் தனக்கே கார் வாங்கக் கிளம்பினார். அன்றுதான் அந்த ஆட்டோ சவாரி. ஸ்டோர்ஸ் அண்ணனும், சரக்கு அனுப்பும் பிரிவு டெஸ்பாட்ச்காரரும் கூட வந்தார்கள். வீட்டம்மா டிரைவிங் பழகுகிறாள், வண்டி அவளுக்குத்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் சார். ஷோரூம் பெண்ணுக்கு அதெல்லாம் தெரியாதே, சாவியை அவரிடம் நீட்டினாள். அவர் கை நீளவில்லை. மூக்கில் இருந்த கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடினார். கேன்டீனில் இத்தனை வருடம் சேர்த்த மரியாதை போகப்போகிறது. சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி, "சார் பின்னாடி உக்காரட்டும். சத்தம் அங்கதான் சரியாக் கேக்கும்" என்றேன். என்ஜின் முன்னால் இருக்கும் வண்டியைப் பற்றி இதைவிட அசட்டுத்தனமாகப் பேச முடியாது. ஸ்டோர்ஸ் அண்ணன் உடனே, "ஆமாங்க, பின்னாடிதான் நல்லாக் கேக்கும்" என்றார். டெஸ்பாட்ச்காரர் பின்கதவைத் திறந்துபிடித்தார். பாலத்து ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பினேன். சார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "போதும்மா, ஏறும்" என்றார்.

வேலையின் கடைசி நாளில் அவர் மனைவியே அந்தக் காரை ஓட்டி வந்து அழைத்துப்போனார். வண்டி தெரு திரும்பியதும் ஸ்டோர்ஸ் அண்ணன், "அப்பாடா, இனி சார்கிட்ட ஒருத்தனும் சாவிய நீட்டமாட்டான்" என்றார். டெஸ்பாட்ச்காரரும் "ஹவ், ஆமா" என்று தலையாட்டினார். இருவருக்கும் என்னைவிட முன்பே தெரியுமாம். நான் ஒருத்திதான் காப்பாற்றுகிறேன் என்றிருந்த எனக்குச் சுருக்கென்றது.

போன மாதம் டெஸ்பாட்ச்காரர் எலெக்ட்ரிக் கார் வாங்கப் போனார். சாருக்கு போன் செய்தோம். "சத்தமில்லாத வண்டில எனக்கென்னம்மா வேல?" என்று கேட்டவர் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். மூத்தவர் என்று நினைத்தோ என்னவோ, ஷோரூம்காரர் சாவியை அவரிடம் நீட்டினார். எங்கள் மூன்று பேர் கைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்தன.

சார் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "கைய எடுங்கப்பா. லைசென்ஸ் வந்து மூணு மாசமாச்சு" என்றார்.

நாங்கள் மூவரும் பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம்.