மாலிக் கழுவிய செவுள்கள்

கடப்பாக்கம் கரையில் அப்துல் மாலிக் அறுத்துக் கொடுத்த மீனை வீட்டில் யாரும் மறுபடி கழுவ மாட்டார்கள். அவ்வளவு சுத்தக்காரர். மதுராந்தகம் வரை சைக்கிளில் மீன் விற்றவர்தான். ஐம்பத்து நாலாம் வருஷத்து மழையில் சைக்கிள் சறுக்கி முழங்கால் நொறுங்கிப்போக, கரையில் குந்தி மீன் அறுக்கும்படி ஆயிற்று. குந்தினால் எழ முடியவில்லை. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பிழைப்பு என்ற பயம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் மெட்ராஸ் காலேஜிலிருந்து ஆபிரகாம் சார் வந்தார். மீன் செவுளில் ஒட்டிக்கொண்டு வாழும் தட்டைப்புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி. கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சிக்கு இத்தனை படிப்பா என்று கரையே சிரித்தது. மாலிக் சிரிக்கவில்லை. வஞ்சிர மீனோ பாறை மீனோ, செவுளை வெட்டி, மருந்து ஊற்றிய பாட்டிலில் போட்டு, மீன் பேரை எழுதி ஒட்ட வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் சாரின் லேபில் அட்டெண்டர் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை!

ஆறு மாதம் கழித்து சார் வந்தபோது நூற்று நாற்பது பாட்டில்கள் பளிச்சென்று நின்றன. ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"பாய், அடியில வண்டல் மாதிரி தங்கியிருக்குமே?"

"அத்த வுட்டு வைப்பனா சார்? கலங்கலா கீதுன்னு கீழ ஊத்திட்டு, புது மருந்து மாத்தினேன். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தபா."

மருந்து பட்டால் புழுக்கள் செவுளை விட்டுக் கழன்று அடியில் படியும். மாலிக் மணலில் ஊற்றியது அந்தப் புழுக்களைத்தான். சார் அதை மெதுவாகச் சொன்னார். "நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். திட்டியிருந்தாலாவது மாலிக் அவர் காலைப் பிடித்து அழுதிருப்பார்.

"அப்போ அந்த வேலை, சார்?"

"காலேஜ்ல காட்ட என்கிட்டயே ஒண்ணும் இல்ல பாய். இனிமே என் பேச்சு எடுபடாது."

பாட்டில்களை அப்படியே விட்டுவிட்டு சார் பஸ் ஏறினார். மாலிக் காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு நடந்தார். செத்துத் தொலையலாம் போலிருந்தது.

மனைவி பதருன்னிசா வாசலிலேயே மறித்தாள். "சார் இன்னா சொன்னாரு?"

"இவ்ளோ சுத்தமா யாரும் வச்சதில்லன்னாரு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மெட்ராஸ்ல வூடு பாக்கச் சொல்லி அண்ணனுக்கு இன்னிக்கே கடுதாசி போடச் சொல்றேன்" என்று கிளம்பினாள். அதற்கான காசை மாலிக்கே இடுப்பு முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.