அம்மாவுக்கு எடுத்த கப்பல் டியூஷன்

ஆறாம் வகுப்பில் ஆங்கிலத்தில் இரண்டு தரம் ஃபெயிலான நான்தான் அம்மாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். சிரிக்காதீர்கள், நிஜம்.

ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் அம்மா ஆறு வருஷமாக அறை பெருக்கி, பெட்ஷீட் துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். ரிசப்ஷனில் இருந்த பெண் கல்யாணமாகிப் போனதும் முதலாளியம்மா கூப்பிட்டு, "வர்ற கெஸ்ட்டுகிட்ட இங்கிலீஷ்ல பேசி ரூம் குடுத்துக் காட்டு. சரியா இருந்தா அந்த சீட்டு உனக்கு" என்று சொல்லிவிட்டார்.

"எனக்கு நீ சொல்லிக் குடுடி" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆங்கிலக் கதைப் புத்தகம், யாரோ அறையில் விட்டுப்போன கடற்கொள்ளைக்காரர் நாவல். அட்டைகூடக் கிடையாது. கடலையே பார்க்காத நாங்கள் இரண்டு பேரும் சாயங்காலமானால் அடுப்படியில் உட்கார்ந்து பாய்மரம், நங்கூரம், பீரங்கி என்று மனப்பாடம் செய்தோம். நான் உரக்கப் படித்து, அகராதியில் தேடி அர்த்தம் சொல்லவேண்டும். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே திருப்பிச் சொல்வாள். ஒருநாள் 'வாட்டர்' என்றால் என்ன என்று கேட்டாளே பார்க்கவேண்டும்!

"இதுகூடவா தெரியாது?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"நீ சொன்னாத்தான தெரியும்."

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் பரீட்சை வந்தது. கிரிவலப் பாதை முழுக்கச் செருப்பில்லாமல் நடந்த வெள்ளைக்காரர் ஒருவர், பாதமெல்லாம் கொப்புளத்தோடு நொண்டிக்கொண்டே அறை கேட்டு வந்தார். "நீயே பேசு" என்று முதலாளியம்மா ஒதுங்கிக்கொண்டார். எனக்கு லீவு. தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

அம்மா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கணீரென்று, "வெல்கம் கேப்டன்! யூ ஆர் ஊண்டட். டிராப் யுவர் ஆங்கர் ஹியர்!" என்றாள். வருக கேப்டன், காயம்பட்டிருக்கிறீர்கள், இங்கேயே நங்கூரம் போடுங்கள். எல்லாம் நான் கொடுத்த வார்த்தைகள்!

அவர் வலியை மறந்து விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், குரங்கு வரும் ஜன்னலைச் சாத்துங்கள், மருந்துக்கடை எந்தப் பக்கம் என்று அம்மா ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். அதிலெல்லாம் கப்பல் வார்த்தை ஒன்றுகூட இல்லாததால் நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நாளைலருந்து இங்க உக்காரு" என்றார் முதலாளியம்மா. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அப்படியொரு சந்தோஷம்!

"எல்லாம் எங்க டீச்சர் சொல்லிக் குடுத்ததுங்க" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

அம்மாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லித் திரிந்தேன். டியூஷன் பக்கமே போகாத நான் அந்த வருஷம் முழுப்பரீட்சையில் ஆங்கிலத்தில் எப்படிப் பாஸானேன் என்று மட்டும் யோசிக்கவே இல்லை.