சஹனின் அடிப்பக்கம்

அவரை எனக்கு முன்பே தெரியும், யூடியூபில் மட்டும். பழைய ஓவியங்கள், சிலைகள், கதவுகள் பற்றி ஆவணப்படம் செய்கிற கொழும்புக்காரர். ஒரு விகாரைச் சுவரின் முன்னால் நின்று, "இந்த யானையின் பின்னங்காலை மட்டும் வேறொருவர் வரைந்திருக்கிறார்" என்று அவர் காட்டியபோது நான் அடுப்பில் கறியைத் தீயவிட்டிருக்கிறேன். அவ்வளவு நன்றாகக் கதைப்பார். அதனாலேயே அவரை நம்ப எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் கல்முனை வீட்டில் ஒரு பழைய சஹன் இருக்கிறது. கல்யாண வீடுகளில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய பீங்கான் தட்டு. ஓரமெல்லாம் நீலக் கொடியும் பூவும். என் கல்யாணத்தில் வீட்டோடு சேர்த்து உம்மா எனக்குத் தந்தது. மகள் அதைப் படமெடுத்து முகநூலில் போட்டாள். அது அவர் கண்ணில் பட்டு, வந்து படம்பிடிக்கலாமா என்று என்னை அழைத்துக் கேட்டார்.

என் காக்காவிடம் சொன்னேன். உடன்பிறந்த மூத்தவர், எதையும் யோசித்துச் சொல்கிறவர்.

"முதல்ல ஃபோட்டோ எடுப்பானுகள். மறுகா அதே மாதிரி ஒண்டு செஞ்சி கொண்டு வருவானுகள். நீ தேத்தண்ணி ஊத்தப் போற நேரம் மாத்திட்டுப் போயிருவானுகள். சுனாமிக் கடல் வந்த பொறகு எத்தின வீட்டுல நடந்திச்சி?"

எங்கள் ஒழுங்கையிலேயே, நாலு வீடு தள்ளி, ஒரு பித்தளை விளக்கு அப்படித்தான் போனது. ஆனாலும் அந்தப் படக்காரர் தட்டைப் பற்றி என்ன சொல்வார் என்று கேட்க ஆசை விடவில்லை. வரச் சொன்னேன். வருகிற அன்று காலை, மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, சஹனின் அடிவளையத்தில் கண்ணுக்குப் படாத மாதிரி ஒரு புள்ளி வைத்தேன்.

கமெரா பிடிக்கிற பெண் ஒருத்தியோடு வந்தார். அவள் தோளில் ஒரு அகலப் பை. சஹன் ஒன்று தாராளமாக உள்ளே போகும்.

"அதுக்குள்ள என்ன?" என்று, காவலுக்கு வந்திருந்த காக்கா கேட்டார்.

"லைட்டுதான் சேர்" என்று அவள் திறந்து காட்டினாள். காக்கா கையை விட்டும் பார்த்தார்.

தேநீரை மகளிடம் கொண்டுவரச் சொல்லிவிட்டு நான் சஹனின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். படக்காரரும் தரையில் உட்கார்ந்தார். எந்த நாடு, எந்தக் காலம் என்று தொடங்கவில்லை. "அக்கா, இதுல கடைசியா யார் சாப்பிட்டது?" என்று கேட்டார். தங்கச்சியின் மகள் கல்யாணத்தைச் சொன்னேன். பிறகு கொடியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே சொன்னார். இங்கே தூரிகையில் மை நிறைய இருக்கிறது, கோடு தடிப்பு. இங்கே வற்றுகிறது. இந்த இலையை வரைந்தவர் அவசரமாகப் போட்டிருக்கிறார், அடுத்த தட்டு காத்திருந்திருக்கும். இத்தனை வருடம் கழுவித் துடைத்த தட்டில் ஒரு மனிதனின் கை ஓடியிருப்பதை அன்றுதான் கண்டேன். கண்ட உடனே விழித்துக்கொண்டேன். வித்தை காட்டுகிறவனும் இப்படித்தான் நம்மை ஒரு கையைப் பார்க்க வைப்பான்.

அவர் தட்டைக் கவிழ்த்தார். அடியில் சில பொட்டுக் குழிகள். நாங்கள் அதைத் தெறிப்பு என்றே நினைத்திருந்தோம்.

"இது யாரோ உளியால கொத்தினது. கல்யாணத்துக்கு இரவல் குடுத்தா, வேற தட்டு திரும்பி வந்திரக் கூடாதுன்னு வச்ச அடையாளம்."

விரல் நகர்ந்து சிவப்புப் புள்ளியில் நின்றது. "இது புதுசா இருக்கே."

கமெரா ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் காது சுட்டது.

"அது நான் வச்ச."

"ஏன் அக்கா?"

"நீங்க மாத்திருவீங்க எண்டுதான்."

கமெராப் பெண் சிரிப்பை அடக்கினாள். அவர் சிரிக்கவில்லை. சஹனைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, கமெராவைப் பார்த்து, "அப்ப கொத்தினவருக்கும் இப்ப இந்த அக்காவுக்கும் பயம் ஒண்ணுதான்" என்றார்.

அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுதான் உறுத்தியது.

"தம்பி, அந்தக் கொத்துக் கதை உண்மையா, இல்லாட்டி இப்ப கட்டினதா?"

"வேற இடங்கள்ல இப்படி அடையாளம் பாத்திருக்கேன். இந்தத் தட்டுல அது என் ஊகம்தான்."

"அப்ப ஊகம் எண்டு படத்துலயும் செல்லுங்க."

சொன்னார். வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். படம் வந்தபோது அந்த வார்த்தை இருந்தது, நான் கேட்டதும் இருந்தது. காக்கா முழுதும் பார்த்துவிட்டு, "ஆள் பரவாயில்ல. இனி இதப் பாக்கிற ஆக்கள்தான் பிரச்சின" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். சஹனுக்கு விலை கேட்டுத் தெரியாத நம்பர்களிலிருந்து அழைப்பு வந்தது. சஹன் சம்மாந்துறையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டது என்று எல்லோருக்கும் பொய் சொன்னேன்.

போன மாதம் அக்கரைப்பற்றில் ஒரு கல்யாணம். குசினியில் கழுவி அடுக்கியிருந்த சஹன்களில் பழைய நீலத் தட்டு ஒன்றைக் கண்டதும் கை தானாகப் போனது. கவிழ்த்தேன். அடியில் அதே மாதிரிக் கொத்துக் குழிகள்.

"என்ன ராத்தா பாக்குறீங்க?" வீட்டுக்காரப் பெண் பின்னால் நின்றாள்.

"ஒண்டுமில்ல, நல்ல வேலப்பாடு."

அவள் மெதுவாகத் தட்டை என் கையிலிருந்து வாங்கி, அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படக்காரருக்குச் செய்தி அனுப்பினேன்: உங்கள் ஊகம் சரியாக இருக்கலாம், இன்னொன்று பார்த்தேன். உடனே, எந்த வீடு என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை.