இன்டர்நெட்டில் ஏற்றிய சாமிகள்

பள்ளிக்கூடத்தின் உள்ளே போகாதவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது. சுண்ணாம்பு அடிக்கப் போயிருக்கிறேன். அப்படிப்பட்டவன், தொண்ணூறுகளின் கடைசியில், மைசூரில் எங்கள் தெருவிலேயே முதல் ஆளாக இன்டர்நெட்டில் கடை போட்டேன். கடை என்றால் என் மனைவி நடத்திய சாப்பாட்டு மெஸ். சமைப்பது அவள், பரிமாறுவது அவள், பாத்திரம் கழுவுவதும் அவள். முதலாளி நான்.

அதற்கு முன்னால் அவள் ஊதுபத்தி உருட்டும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் தூள் நெஞ்சில் போய் உட்கார்ந்து, இருமல் விடவே இல்லை. வேலையை விட்டுவிட்டு, யோகா கற்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் முன்னறையில் இலை போட்டாள். இருமலும் மெல்ல அடங்கியது. ஆனால் சீசன் முடிந்ததும் வந்தவர்கள் எல்லாம் அவரவர் நாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த சீசனில் வருகிறவர்களுக்கு எங்கள் வீடு எப்படித் தெரியும்? ஊதுபத்தி கம்பெனி சூப்பர்வைசர் வேறு, திரும்ப வேலைக்கு வருகிறாளா என்று ஆள் விட்டுக் கேட்டார். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மெஸ் படுத்தால் மறுபடியும் அந்தத் தூள்தான். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஊருக்குக் கிளம்பிய ஜெர்மன்காரப் பெண்தான் வழி சொன்னாள். அவள் நாட்டில் எல்லாரும் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டுத்தான் மைசூருக்கு டிக்கெட் எடுக்கிறார்களாம். அதில் எங்கள் மெஸ் இருந்தால் நேரே வந்துவிடுவார்களாம்.

அதற்காகப் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதன் ஓனர் கன்னடக்காரர். நான் கன்னடம் பேசும் லட்சணத்தில் அவர் தமிழ் பேசுவார், அதனால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. வாழையிலைச் சாப்பாட்டுப் படத்தை அவரிடம் கொடுத்தேன்.

"மேல சாமி படம் வைங்க சார்" என்றேன்.

"யாவ சாமி?"

எந்தச் சாமி என்று கேட்டதுதான் அவர் செய்த தப்பு. பிள்ளையாரில் ஆரம்பித்தேன். சாமுண்டியம்மன் ஊரில் இருந்துகொண்டு அவளை விட முடியுமா? மார்டள்ளி கிராமத்தில் என் மாமனார் வீட்டார் கும்பிடும் மாதேஸ்வரனை விட்டால் நான் வீட்டுக்குப் போக முடியாது. அவர் புலி மேல் உட்கார்ந்திருப்பவர், ஆகவே புலியும் வந்தது. கடைசியில் என் குலசாமி முனியப்பன். கல்யாணப் பத்திரிகையிலேயே சாமியைப் போட்டுவிட்டுத்தானே மாப்பிள்ளை பேரைப் போடுகிறோம்.

"பேஜ் ரொம்ப வெயிட் ஆகுத்தே சார். டெலிபோன் லைன்ல மெல்லத்தான் எறங்கும்."

"சாமி மெல்லத்தான் சார் எறங்கும். எங்க ஊர்ல உடுக்கை அடிச்சாலும் அரை மணி நேரம் ஆவும்."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு எல்லாச் சாமியையும் ஏற்றினார். அவர் மெஷினிலேயே இருந்ததால், எனக்குக் காட்டியபோது பளிச்சென்று வந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பிறகு தினமும் போய் "யாராச்சும் எழுதினாங்களா சார்?" என்று கேட்பேன். ஒருநாள் ஜெர்மன்காரப் பெண்ணிடமிருந்து ஈமெயில் வந்தது. ஓனர் படித்துச் சொன்னார். பேஜைத் திறந்துவிட்டு டீக்குத் தண்ணீர் வைத்தாளாம். டீ குடித்து, கப்பையும் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு கிரீடமும் யானைக் காதும் மட்டும் வந்திருந்ததாம். இது என்ன கோயில் என்று அவள் சிநேகிதிகள் கேட்டுவிட்டு அணைத்துவிட்டார்களாம்.

வீட்டில் இதை வெற்றிச் செய்தியாகத்தான் சொன்னேன்.

"ஜெர்மனில புள்ளையாரு காது வரைக்கும் வந்துட்டாரு."

"ஏனுங்க, நான் ஆக்குன சோறு எங்கீங்க?"

"அது முனியப்பனுக்குக் கீழ இருக்குது."

"அது வந்து சேர்றதுக்குள்ள ஊசிப் போயிருமுங்க."

மறுநாள் அவளே சென்டருக்கு வந்துவிட்டாள். "அண்ணா, சாமியெல்லாம் எடுத்துட்டுச் சோத்த மேல வெச்சிருங்கோ" என்றாள்.

ஓனரின் கை மவுஸ் வரை போய் நின்றது. "நிம்ம தேவ்ரு. நீவே தெகீரி" என்றார். உங்கள் சாமி, நீங்களே எடுங்கள் என்று மவுஸை என்னிடம் தள்ளினார். நான் அதை மனைவியிடம் தள்ளினேன். அவள் திருப்பித் தள்ளினாள். ஒரு பட்டனுக்குப் பயந்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் அவள்தான் சொன்னாள். "சதுர்த்திக்கு வெச்ச புள்ளையார எப்படி அனுப்பறோம்? பூச பண்ணித்தானுங்க? அப்படியே இவிங்களையும் அனுப்பி வெச்சரலாம்."

ஓனருக்கு முகம் மலர்ந்தது. அவர் வீட்டிலும் அதே வழக்கம்தானே. கற்பூரத்துக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை, கம்ப்யூட்டர் கெட்டுவிடுமாம். கல்லாவுக்கு மேலே இருந்த சாமி படத்தடியிலிருந்து மணியை எடுத்து அவரே ஆட்டினார். மனைவி தலையில் இருந்த பூவைக் கிள்ளி மானிட்டர் மேல் வைத்தாள். ஒவ்வொரு சாமிக்கும் "போயிட்டு வாங்க சாமி" என்பாள், நான் பட்டனை அழுத்துவேன். பிள்ளையார் போனார், அம்மன் போனாள், மாதேஸ்வரன் புலியோடு போனார்.

முனியப்பனிடம் வந்ததும் என் விரல் நின்றுவிட்டது.

"இவரு கோவக்காரரும்மா."

"என்ற இருமல விடவாங்க?" என்றாள்.

அந்த இருமல் பேச்சை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். அழுத்திவிட்டேன்.

அதன் பிறகு அவளே சொல்லச் சொல்ல, ஓனர் இங்கிலீஷில் போட்டார். மேலே இலை. அதன் கீழே காரம் கம்மி, தண்ணீர் காய்ச்சியது, மத்தியானம் மட்டும், எந்த பஸ் ஸ்டாப், எந்த நிறக் கேட். முதலாளி என்று என் படத்தையும் வைக்கலாமே என்றேன்.

"வெய்யிங்கண்ணா" என்றாள். "எல்லாத்துக்கும் கீழ."

சீசன் தொடங்கியதும், ஒரு மத்தியானம் முதுகில் மூட்டையோடு இரண்டு பேர் எங்கள் கேட்டில் நின்றார்கள். கையில் எங்கள் இலைப் படம் அச்செடுத்த தாள். தங்குவதற்கு ரூம்கூடப் பார்க்காமல் சாப்பிட வந்துவிட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் அவர்களோடு இன்னும் சிலர். முன்னறை நிறைந்து, நான் வாசற்படிக்கு மாற்றப்பட்டேன்.

அந்தக் கூட்டத்தில்தான் ஊதுபத்தி சூப்பர்வைசர் பதில் கேட்க நேரிலேயே வந்து நின்றார். "என்னம்மா, வர்றியா இல்லையா?"

"மொதல்ல உக்காந்து சாப்புடுங்க சார்" என்று கரண்டியோடு அவருக்கும் இலை போட்டாள். "எனக்கே இப்ப ஒத்தாசைக்கு ஆளு வேணுமுங்க. உங்க கம்பெனில இருமறவிங்க யாராச்சும் இருந்தா அனுப்பி வெய்யுங்கோ."

அவர் உட்கார்ந்து, குனிந்த தலையோடு சாப்பிட்டார். ரசத்துக்கு மட்டும் இன்னொரு தடவை கையை நீட்டினார்.